சென்னை-45 சென்னையில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ‘புற்றுநோயில் முதலிடம் பிடித்த மாவட்டம்’ என்கிற மாதிரித் தலைப்பு ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது ஏதாவதொரு தமிழ் நாளிதழில் வந்துவிடுகிறது. கூடவே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வரைபடம். மறுநாளே அந்த மாவட்டத்துக்காரர்கள் குடிதண்ணீரைச் சந்தேகிக்கிறார்கள், செல்போன் கோபுரத்தைச் சந்தேகிக்கிறார்கள், பக்கத்துத் தொழிற்சாலையைச் சந்தேகிக்கிறார்கள். அந்த எண் எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. புற்றுநோய்ப் பதிவேட்டு வேலையில் பழகியவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஆசிரியர் கடிதப் பகுதிக்கு இது நீளம்தான். ஆனால் வரைபடத்துக்கு அரைப்பக்கம் தருகிறீர்கள், அதன் அடித்தளத்துக்கும் கொஞ்சம் இடம் தாருங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் நாட்டில் இரண்டு வகைப் பதிவேடுகள் நடக்கின்றன. ஒன்று மருத்துவமனைப் பதிவேடு: அந்த மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு. எந்த ஸ்டேஜில் வந்தார்கள், என்ன சிகிச்சை நடந்தது, எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்பதை அது சொல்லும். மற்றது மக்கள்தொகைப் பதிவேடு: வரையறுத்த எல்லைக்குள் குடியிருப்பவர்களில் ஓராண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் அத்தனை பேரின் கணக்கு, அவர்கள் வைத்தியம் பார்த்தது ராயப்பேட்டையிலா மும்பையிலா என்பது பொருட்டல்ல. ஊருக்கு ஊர் ஒப்பிட இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். முதலாவதை எடுத்தால் வேலூர்தான் நாட்டிலேயே மோசமான ஊராகத் தெரியும். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிறவர்களை வேலூர்க்காரர்களாக எண்ணினால் வேறென்ன ஆகும்?

மக்கள்தொகைப் பதிவேட்டை இந்தியாவில் முதலில் தொடங்கிய ஊர் மும்பை, 1963-இல். 1981-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய மூன்று மக்கள்தொகைப் பதிவேடுகள் அதில் இருந்தன. சென்னைப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்துகிறது. 1982 முதல் தொடர்ச்சியான தரவு இருக்கிறது. 2012 முதல் அதே நிறுவனம் மாநில அரசுடன் சேர்ந்து தமிழ்நாடு முழுமைக்கும் பதிவேடு நடத்துகிறது. நாடு முழுவதிலுமிருந்து வரும் தரவைச் சரிபார்த்துத் தொகுத்து அறிக்கை வெளியிடுவது பெங்களூருவில் உள்ள தேசிய நோய்த் தகவலியல் ஆராய்ச்சி மையம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே இந்தப் பதிவேடுகளின் எல்லைக்குள் வருகிறார்கள். மீதிப் பகுதிகளுக்கு வரைபடத்தில் பூசியிருக்கும் நிறம், பக்கத்துப் பதிவேடுகளை வைத்துப் போட்ட மதிப்பீடு.

இனி முகவரிக்கு வருவோம். எங்கள் வேலையில் பாதித் தலைவலி அதுதான்.

சென்னைக்காரருக்கு 600 என்று தொடங்கும் பின்கோடு இருந்தாலே சென்னை. ‘சென்னை-45’ என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும். அது மேற்குத் தாம்பரம். தனி மாநகராட்சி, செங்கல்பட்டு மாவட்டம். ‘சென்னை-54’ ஆவடி, ‘சென்னை-56’ பூந்தமல்லி. இரண்டும் திருவள்ளூர் மாவட்டம். ஆனால் ‘சென்னை-60’ மாதவரம், அது சென்னை மாநகராட்சிக்குள் வரும். ஓர் ஊரின் வீதம் என்பது மேலே நோயாளிகளின் எண்ணிக்கை, கீழே அந்த ஊரின் மக்கள்தொகை என்று வைத்து வகுப்பது. பின்கோட்டை மட்டும் பார்த்துப் பிரித்தால் தாம்பரத்து நோயாளி சென்னைக் கணக்கில் ஏறுவார்; ஆனால் தாம்பரத்து மக்கள்தொகை சென்னையின் வகுக்கும் எண்ணில் இருக்காது. மேலே கூடும், கீழே கூடாது. சென்னையின் வீதம் பொய்யாக ஏறும், செங்கல்பட்டின் வீதம் பொய்யாக இறங்கும்.

அடுத்தது கதவு எண். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டில் பழைய எண் 14, தனியார் ஸ்கேன் சென்டர் ரசீதில் புதிய எண் 31 என்று இருந்தால், கணினிக்கு அது இரண்டு வீடு, இரண்டு ஆள். மூன்றாவது சிக்கல் இன்னும் கடினம். கூவம், அடையாறு கரையோரங்களிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு ரேஷன் அட்டையும் காப்பீட்டு அட்டையும் பழைய முகவரியிலேயே இருக்கின்றன. மருத்துவமனைப் பதிவு கவுன்ட்டரில் அட்டையைப் பார்த்து அப்படியே எழுதுகிறார்கள். அட்டைப்படி சிந்தாதிரிப்பேட்டை, சென்னை மாநகராட்சி. ஆள் இருப்பது பெரும்பாக்கம், மாநகராட்சி எல்லைக்கு வெளியே. பின்தொடர்தலுக்காக வீடு தேடிப் போகும் பணியாளர் நிற்கும் இடத்தில் குடிசையும் இருக்காது, விசாரிக்க அக்கம்பக்கமும் இருக்காது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்து ஆறு மாதம் வாடகை அறையில் தங்குகிறவர், கடிதம் வந்து சேர வேண்டுமே என்று அந்த அறையின் முகவரியைக் கொடுப்பார். பதிவேட்டின் விதி, நோய் கண்டறியப்பட்டபோது குறைந்தது ஓராண்டாவது அந்த எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும் என்பது. ஆகவே கவுன்ட்டரில் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்: ‘இந்த முகவரியில எத்தன வருஷமா இருக்கீங்க?’ அந்தப் பதில் எழுதப்படாத கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு, பிறகு நாங்கள் போன் போட்டு, எண் மாறியிருந்தால் உறவினரைப் பிடித்து, அதே கேள்வியைக் கேட்கிறோம். அதற்குள் சில வீடுகளில் ஆள் இருப்பதில்லை.

முகவரிக்கு அடுத்தது பெயர். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. இருப்பது ஒற்றை எழுத்து இனிஷியல். அதுவும் பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா எழுத்திலிருந்து கணவர் எழுத்துக்கு மாறும், சிலருக்கு மாறாது. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் கே-எஸ்-எச் போட்டு எழுதுகிறார், ஒருவர் எக்ஸ் போட்டு எழுதுகிறார், ஒருவர் டி-சி-எச் போட்டு எழுதுகிறார். வயது ஓரிடத்தில் 58, மற்றோரிடத்தில் 60. ஐந்திலும் பத்திலும் முடியும் வயதுகள்மீது நமக்கு அப்படியொரு பிரியம். ஒரே நோயாளி பயாப்சிக்கு ஒரு லேப், அறுவைக்கு ஒரு மருத்துவமனை, ரேடியேஷனுக்கு இன்னொன்று என்று மூன்று இடத்தில் தடம் பதித்திருப்பார். பெயரின் ஒலி, தந்தை அல்லது கணவர் பெயர், வயதில் ஐந்தாண்டு வரை ஏற்ற இறக்கம், போன் எண், நோய் வந்த உறுப்பு ஆகியவற்றை வைத்து மென்பொருள் ‘இவர்கள் ஒருவராக இருக்கலாம்’ என்று ஜோடி ஜோடியாகப் பட்டியல் தரும். கடைசி முடிவை ஒரு ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தவறாகப் பிரித்தால் ஒருவர் இருவராவார். தவறாகச் சேர்த்தால் இரண்டு லட்சுமிகளில் ஒருவர் காணாமல் போவார். காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலை அப்படியே எண்ணிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறு சுழற்சி கீமோவுக்கு ஆறு கிளெய்ம் போகும். அந்தப் பட்டியல் விட்டுப்போனவர்களைக் கண்டுபிடிக்க மிக நல்ல துணை. எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் ஆபத்து.

இப்போது ஒரு பயாப்சி தாளை எடுத்துக்கொள்வோம். தனியார் லேப் ஒன்றின் பதிவேட்டில் ஒரு வரி: பெயர், வயது, பால், மாதிரியை அனுப்பிய மருத்துவமனை. முகவரி கிடையாது. ‘கல்லீரல் ஊசித் திசு, அடினோகார்சினோமா.’ புதிதாக வேலைக்கு வந்தவர் இதைக் கல்லீரல் புற்றுநோய் என்று சி22-இல் போட்டுவிடுவார். உலகெங்கும் பதிவேடுகள் பயன்படுத்தும் ஐசிடி-ஓ குறியீட்டில் உறுப்புக்கு ஒரு எண், திசு வகைக்கு ஓர் எண், அதன் வாலில் சாய்கோடு போட்டு ஓர் இலக்கம். அடினோகார்சினோமா என்றால் 8140/3. அந்த 3 என்பது ஊடுருவும் புற்று. 2 என்றால் தோன்றிய அடுக்கைத் தாண்டாதது, அது மொத்தக் கணக்கில் சேராது. 0 என்றால் சாதாரணக் கட்டி. சிக்கல் உறுப்பு எண்ணில் இருக்கிறது. எழுத வேண்டியது நோய் தொடங்கிய உறுப்பை. ஊசி குத்திய உறுப்பை எழுதினால் தவறு. நம் நோயாளிக்கு மூன்று வாரம் முன்பு வேறொரு மருத்துவமனையில் எண்டோஸ்கோபி செய்து, இரைப்பையில் புண் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளைத் தேடிப் பிடித்தால் இது சி16, இரைப்பை. பிடிக்கவில்லை என்றால் சி80.9, தொடங்கிய இடம் தெரியாதது. சென்னை ஆண்களிடம் இரைப்பைப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கும் ஒன்று. இந்த ஒரு தவறு வருடத்துக்கு ஐம்பது தடவை நடந்தால், இல்லாத கல்லீரல் பிரச்சினை ஒன்று சென்னையில் முளைத்துவிடும். நிருபர்களும் அதன் காரணத்தைத் தேடிக் கிளம்புவார்கள்.

லேப் படிவத்தில் மூன்று கட்டம் கூடுதலாக இருந்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறையும்: வசிக்கும் ஊர் அல்லது வார்டு, போன் எண், மாதிரியை அனுப்பும் மருத்துவர் சந்தேகிக்கும் மூல உறுப்பு. அதை நிரப்ப வேண்டியவர் லேப்காரர் இல்லை. மாதிரியை அனுப்புகிற அறுவை மருத்துவரின் உதவியாளர். அவரிடம் அந்தத் தாள் ஓடும் அவசரத்தில் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

இறப்புப் பதிவு இன்னொரு வாசல். உயிரோடிருக்கும்போது எங்கள் கண்ணில் படாதவர்கள் மாநகராட்சியின் இறப்புப் பதிவில் தெரியவருவார்கள். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் படிவம் 4ஏ. இரண்டிலும் மருத்துவர் இறப்புக்கான காரணத்தைச் சங்கிலியாக எழுத வேண்டும். முதல் வரியில் உடனடிக் காரணம், கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அடிப்படை நோய். நடப்பதோ ‘இதயமும் சுவாசமும் நின்றன’ என்று முதல் வரியிலேயே முடித்துவிடுவது. சாகும்போது எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். இரண்டு ஆண்டு உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு போராடியவர் அந்தத் தாளில் இதய நோயாளியாகப் போய்ச் சேருகிறார். இறப்புச் சான்று மட்டுமே ஆதாரமாக உள்ள கேஸ்களை நாங்கள் பின்னோக்கித் தேடுவோம்: எந்த மருத்துவமனை, எப்போது கண்டுபிடித்தார்கள் என்று. கிடைத்தால் கண்டுபிடித்த ஆண்டில் சேரும். கிடைக்காவிட்டால் ‘இறப்புச் சான்று மட்டும்’ என்ற தலைப்பில் நிற்கும்.

ஒரு பதிவேடு நன்றாக நடக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க இந்தத் தலைப்பு ஓர் அளவுகோல். அது அதிகமாக இருந்தால் உயிரோடிருந்தபோது பலரைத் தவறவிட்டார்கள் என்று பொருள். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் மகிழ வேண்டாம்; இறப்புப் பதிவேட்டை அவர்கள் புரட்டவே இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். நுண்ணோக்கியில் உறுதி செய்த கேஸ்கள் நூற்றுக்கு நூறு என்று யாராவது பெருமையாகச் சொன்னாலும் அப்படித்தான்: லேப்களை மட்டும் சுற்றிவிட்டு, ஸ்கேனில் மட்டுமே கண்டறியப்பட்ட முதியவர்களை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கணையப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஒரு பதிவேட்டில் கணையப் புற்றுநோய் 100 பேருக்கு, அதில் இறப்பு 30 என்று பல ஆண்டுகளாகவே இருந்தால், அந்த ஊரில் வைத்தியம் அற்புதமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மீதி எழுபது பேரில் பெரும்பாலோரின் இறப்பு பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை.

இத்தனையும் மேலே வரும் எண்ணின் கதை. கீழே வகுக்கும் எண்ணுக்கு வந்தால் நிலைமை இன்னும் சங்கடம். 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2011 கணக்கெடுப்பில் பழைய சென்னையின் மக்கள்தொகை 46 லட்சத்துச் சொச்சம். விரிந்த எல்லைக்கு அதே கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தால் 66 லட்சத்துக்கு மேல். அம்பத்தூரும் சோழிங்கநல்லூரும் சேர்ந்த நோயாளிக் கணக்கை, தெரியாமல் பழைய மக்கள்தொகையால் வகுத்தால் வீதம் ஏறத்தாழ நாற்பது சதவீதம் வீங்கிவிடும். மாவட்டங்களிலும் இதே கதை. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, திருநெல்வேலியிலிருந்து தென்காசி, வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு என்று பிரித்தார்கள். பிறகு 2020-இல் மயிலாடுதுறை. 2018-இன் வேலூரையும் 2021-இன் வேலூரையும் பக்கத்தில் வைத்து ‘புற்றுநோய் பாதியாகக் குறைந்தது’ என்று யாராவது எழுதினால் ஆச்சரியப்பட மாட்டோம்.

இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது வயதையும் சரிக்கட்ட வேண்டும். ஓர் உதாரணக் கணக்கு. அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு லட்சத்துக்கு 50 பேர், அறுபதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு லட்சத்துக்கு 500 பேர் என்ற அளவில் இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரிதான் நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் முதியவர்கள் நூற்றுக்கு 8 பேர். 92 பங்கை 50-ஆலும் 8 பங்கை 500-ஆலும் பெருக்கிக் கூட்டினால் லட்சத்துக்கு 86. இரண்டாவது ஊரில் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள், முதியவர்கள் நூற்றுக்கு 18 பேர். அங்கே லட்சத்துக்கு 131. காற்றும் தண்ணீரும் சாப்பாடும் ஒன்று. ஆனால் தலைப்பு இரண்டாவது ஊரின் மேல்தான் விழும். இதைத் தவிர்க்கவே உலக மாதிரி மக்கள்தொகை என்ற ஒரு பொதுத் தராசு வைத்திருக்கிறார்கள். அதில் அறுபதும் அதற்கு மேலும் நூற்றுக்கு 11. அந்தத் தராசில் நிறுத்தால் இரண்டு ஊருக்கும் 99.5 வருகிறது. இதுதான் வயது சரிக்கட்டிய வீதம். கேரளத்தில் புற்றுநோய் அதிகம் என்ற பேச்சில் ஒரு பகுதி, அங்கே வயதானவர்கள் அதிகம் என்பதுதான்.

சிறிய ஊர்களுக்கு இதுவும் போதாது. ஒரு லட்சம் பேர் உள்ள வட்டத்தில் ஆண்டுக்கு நான்கு பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் எதிர்பார்க்கலாம் என்றால், ஒரு வருடம் ஒன்றும் வரலாம், ஒரு வருடம் எட்டும் வரலாம். எந்தக் காரணமும் இல்லாமலே. எட்டு வந்த வருடத்தை ‘இரட்டிப்பு’ என்று போட்டுவிட்டு, அடுத்த வருடம் மூன்றானபோது பேசாமல் இருப்பது வழக்கமாகிவிட்டது. ஐந்தாண்டு சேர்த்துப் பார்த்தால்தான் வட்ட அளவில் ஏதாவது சொல்லலாம். ‘எங்கள் தெருவில் பத்துப் பேருக்கு’ என்ற புகார் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது: எந்தெந்த உறுப்பு? மார்பகம், வாய், ரத்தம், கர்ப்பப்பை வாய் என்று பத்தும் பத்து விதமாக இருந்தால் ஒரே காரணம் இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே அரிய வகை நாலைந்து பேருக்கு என்றால் அப்போது நிமிர்ந்து உட்கார்வோம்.

அப்படியானால் வட்டார வேறுபாடே இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. 2012 முதல் 2016 வரையான தரவுகளை வைத்து, 28 மக்கள்தொகைப் பதிவேடுகளை இணைத்து 2020-இல் வந்த தேசிய அறிக்கையில் ஆண்களுக்கான மிக உயர்ந்த வீதம் மிசோரமின் ஐஸ்வால் மாவட்டத்தில், லட்சத்துக்கு 269.4. மிகக் குறைந்தது மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்-பீட் பகுதியில், 39.5. பெண்களுக்கு மிக உயர்ந்தது அருணாசலத்தின் பாபும்பரே மாவட்டத்தில், 219.8. ஐஸ்வாலில் உணவுக்குழாய், இரைப்பை, நுரையீரல் புற்றுநோய்கள் அதிகம்; ஆணும் பெண்ணும் புகைப்பது, புகையிலைப் புகையை நீரில் ஏற்றி வாயில் அடக்கிக்கொள்ளும் துய்பூர் பழக்கம் என்று தெரிந்த காரணங்கள் இருக்கின்றன. கங்கைச் சமவெளியில் பித்தப்பை, நாகாலாந்தில் மூக்கின் பின்தொண்டை, அகமதாபாத் பக்கம் வாய் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முகம் உண்டு. ஆனால் ஐஸ்வாலுக்கும் பீட் பகுதிக்கும் இடையில் தெரியும் ஏழு மடங்கு அப்படியே நோயின் வேறுபாடு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஸ்கேன் வசதி தொலைவில் உள்ள கிராமத்தில், வயிற்றுவலி என்று படுத்து இறந்தவரை எந்தப் பதிவேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. தைராய்டில் இதன் மறுபக்கம் தெரியும். தென்கொரியாவில் 1993-இலிருந்து 2011-க்குள் தைராய்டு புற்றுநோய் பதினைந்து மடங்கு ஏறியது, இறப்பு ஏறவில்லை. கூடியது ஸ்கேன். கேரளத்தின் உயர்ந்த தைராய்டு எண்களைப் பார்க்கும்போதும் இது நினைவிருக்கட்டும்.

இவ்வளவு ஓட்டைகள் இருக்கும்போது பதிவேடு எதற்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கி நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறோம். 114 கிராமத் தொகுப்புகளைச் சீட்டுப்போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் போன்ற திரவம், தடவிப் பார்த்தார்கள். வெள்ளையாக மாறிய இடத்துக்கு உடனே மருத்துவம். மறுபாதியில் வழக்கமான கவனிப்பு. அந்த மாவட்டத்து அம்பிளிக்கையில் உள்ள புற்றுநோய்ப் பதிவேடு இரு பக்கத்தையும் ஆண்டுக்கணக்கில் எண்ணியது. 2007-இல் முடிவு வந்தபோது, பரிசோதித்த பாதியில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. அம்பிளிக்கையில் யார் எந்தக் கிராமம் என்று சரியாக எழுதாமல் இருந்திருந்தால் அந்த முடிவு கிடைத்திருக்காது. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். அங்கே 1990 முதல் பதிவேடு. ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து பார்த்து, அந்தக் கதிர்வீச்சால் கூடுதல் புற்றுநோய் இல்லை என்று 2009-இல் எழுதினார்கள். பயத்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் எண்ணிப் பார்த்தார்கள். சென்னையிலேயே, 1980-களில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறங்கி மார்பகப் புற்றுநோய் மேலே வந்ததை நாம் அறிந்தது, நாற்பது ஆண்டுகளாக ஒரே முறையில் எண்ணி வந்ததால்தான்.

புற்றுநோயை அறிவிக்கை நோயாக்கும், அதாவது ஒவ்வொரு கேஸையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்னும் ஆணை மேற்கு வங்கம், பஞ்சாப், கர்நாடகம் முதலிய மாநிலங்களில் எப்போதோ வந்துவிட்டது. ஆணை கதவைத் திறக்கும், ‘தர மாட்டோம்’ என்ற மருத்துவமனையிடம் காட்ட ஒரு தாள் கிடைக்கும். ஆனால் தரும் விவரத்தில் முகவரி ‘சென்னை’ என்று ஒற்றைச் சொல்லாக இருந்தால் ஆணையால் பயன் குறைவு. பெயர் வெளியே போய்விடும் என்ற அச்சம் சில மருத்துவமனைகளுக்கு இருக்கிறது. பெயர் தேவைப்படுவது ஒருவரையே இரண்டு தடவை எண்ணாமல் இருக்கத்தான், வெளியாகும் எந்த அட்டவணையிலும் அது இராது.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாவட்ட வரைபடம் போடும்போது அதன் அடியில் சிறிய எழுத்தில் நான்கு விவரம் போடுங்கள்: எந்த ஆண்டுகளின் தரவு, மருத்துவமனைக் கணக்கா மக்கள்தொகைக் கணக்கா, வயது சரிக்கட்டியதா, எந்த எல்லை. தேசிய அறிக்கைகள் நான்கைந்து ஆண்டு பின்தங்கியே வரும். அது சோம்பல் இல்லை, மேலே சொன்ன ஜோடிப் பட்டியல்களையும் இறப்புச் சான்றுகளையும் முடிக்க ஆகும் காலம். ஆகவே ‘இந்த ஆண்டு’ என்ற சொல்லை அந்தச் செய்தியில் தவிர்க்கலாம்.

கடைசியாக ஒன்று. 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. இப்போது எல்லாப் பதிவேடுகளும் வகுப்பது 2001-இலிருந்து 2011 வரையான வளர்ச்சியை நீட்டிப் போட்ட மக்கள்தொகையால். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் குறித்திருக்கிறார்கள். அதன் வயதுவாரிப் பட்டியல் வெளியாகும்போது இடைப்பட்ட ஆண்டுகளின் வீதங்களையும் திருத்த வேண்டிவரும். பழைய மாம்பலம், மயிலாப்பூர் பக்கம் நாம் நீட்டிப் போட்டதைவிட ஆட்கள் குறைவாக இருந்தால் அங்கே வீதம் ஏறும், ஓ.எம்.ஆர். பக்கம் கூடுதலாக இருந்தால் அங்கே இறங்கும். ஒரு நோயாளிகூடக் கூடியிருக்க மாட்டார், குறைந்திருக்கவும் மாட்டார். அந்த வாரம் உங்கள் செய்தி அறையில் தலைப்பு எழுதுகிறவர் யாரோ, அவர் மேசையில் இந்தக் கடிதத்தின் நறுக்கு ஒன்று இருந்தால் நல்லது.

இங்ஙனம்,
புற்றுநோய்ப் பதிவேட்டுப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.